வலது கையும் இதர பணிகளும்

மனித குலத்துக்கு வழிகாட்டிய கைகள் என்று சிலவற்றைச் சொல்வார்கள். ஏர் பிடித்த கை, வாள் பிடித்த கை, வாரி வழங்கிச் சிவந்த கை. அந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துப் போற்றத்தக்கது, துடியலூரில் வசிக்கும் என் வீட்டுக்காரர் திருமூர்த்தி அவர்களின் மவுஸ் பிடித்த கை. பெண்டாட்டி என்கிற பாசத்தில் இதைச் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்த சாட்சி என்கிற முறையில் பணிவோடு பதிவு செய்கிறேன்.

அவர் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் துணைப் பொது மேலாளர். பம்ப்பை அவர் தொட்டதில்லை. பம்ப்பைத் தொட்டவர் அனுப்பும் அறிக்கையைப் படித்தவர் அனுப்பும் அறிக்கையை இவர் 'அப்ரூவ்' செய்வார். பொழுதுக்கும் அதே சோலி. வீட்டுக்கு வந்தால் அதே விரலால் போனில் உலக நடப்புகளை மேலே தள்ளுவார், கீழே இழுப்பார். இப்படி ஓய்வொழிச்சல் இல்லாமல் உழைத்ததில் ஒருநாள் அந்தக் கையின் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயின.

வீடே ஆடிப்போனது. "நாச்சி, எனக்கு விரல் இருக்கறதே தெரியலை" என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. அன்று சாயங்காலமே கை நிபுணரிடம் நேரம் வாங்கப்பட்டது. டாக்டர் கிருபாசங்கர் விரல்களில் ஒயரை ஒட்டி, லேசாகக் கரண்ட் விட்டுப் பார்த்துவிட்டு, 'கார்பல் டனல்' என்று அறிவித்தார். மணிக்கட்டுக்குள் ஒரு சந்து இருக்கிறதாம். அதில் போகிற நரம்பு நெரிபடுகிறதாம். உள்ளங்கையில் சின்னதாக அறுத்து, நரம்புக்குக் கொஞ்சம் இடம் விட்டால் சரியாகிவிடுமாம்.

இந்த இடத்தில் முக்கியமில்லாத ஒரு செய்தியையும் சொல்லிவைக்கிறேன். எனக்கும் அதே மூன்று விரல்கள், இரண்டு கையிலும், பல வருஷமாக மரத்துக்கொண்டிருந்தன. நான் ஆரி வேலை செய்கிறவள். கல்யாணப் பெண்ணின் ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி மாதிரி இருக்கும் ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துத் தைக்கிற வேலை. காந்திபுரத்தில் கடை வைத்திருக்கும் ரம்ஷா ஆர்டர் கொடுப்பாள். எங்கள் வீட்டில் இதற்கு 'பொழுதுபோக்கு' என்று பெயர். கொஞ்ச காலமாக ஊசி விரலில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முகூர்த்த ரவிக்கையில் மயிலின் கழுத்து வளைவைத் தைக்க முடியாமல் ரம்ஷாவிடம் திருப்பிக் கொடுத்த அன்று, பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். அந்த வேலை போய்விட்டால், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறொன்றும் இல்லை.

அதற்காக என் குடும்பம் என்னைக் கவனிக்கவில்லை என்று யாரும் அபாண்டமாகப் பேசக் கூடாது. நிபுணர்கள் பலர் என் கையை ஆராய்ந்தார்கள். கோபியில் இருக்கும் அவருடைய அக்கா பழனியாத்தாள், எனக்கு நங்கையா முறை, போனிலேயே கேட்டுவிட்டு அது வாயு என்று முடிவு செய்தார். பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் மகள் பிரவீனா, அம்மா ரீல்ஸ் பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்றாள். திருமூர்த்தி அவர்கள் மட்டும் நோயின் வேருக்கே போனார். வீட்டில் சும்மா இருந்தால் ரத்த ஓட்டம் மந்தமாகத்தான் இருக்கும், நாலு வேலை செய்தால் சரியாகிவிடும் என்றார். சிகிச்சையாகச் சுக்குக் காப்பி சிபாரிசு செய்யப்பட்டது. சுக்கைத் தட்டி, காப்பியைப் போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவும் பொறுப்பு நோயாளியிடமே ஒப்படைக்கப்பட்டது.

இனி தலையாய கைக்கு வருவோம்.

அறுவை சிகிச்சைக்கு முன்பாக பிரவீனா ஆன்லைனில் குடும்பக் கூட்டம் கூட்டினாள். அவள் ஆபீஸில் இந்த மாதிரிக் கூட்டங்களை நடத்துவதுதான் அவள் உத்தியோகம். திரையில் 'அப்பாவின் கை: முன்னோக்கிய பாதை' என்று எழுதி, கீழே ஒரு அட்டவணை போட்டிருந்தாள். ஒருங்கிணைப்பு பிரவீனாவுக்கு. மனோதைரியம் நங்கையாவுக்கு. பொறுமை திருமூர்த்தி அவர்களுக்கு. என் பெயருக்கு நேரே 'இதர பணிகள்' என்று இருந்தது. இதரவில் என்னென்ன வரும் என்று கேட்டேன். மேலே இருக்கும் மூன்றும் போக மிச்சம் எல்லாம் என்றாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நான் அப்போது மைக்கை அணைத்துவிட்டுக் குக்கரை இறக்கப் போயிருந்தேன்.

ஆபரேஷன் நடந்தது. கைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, நான் கேண்டீனில் வாங்கிய டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றதும் அவர் முகம் தொங்கிவிட்டது. இரண்டு நாளாவது வைத்திருக்கக் கூடாதா, உறவுக்காரர்கள் வந்து பார்க்க வசதியாக இருக்குமே என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருக்கச் சொன்னார். இவர் தலைக்கு மேலேயே தூக்கிக்கொண்டார். காரில் வரும்போது சிக்னலில் நின்ற போலீஸ்காரர் பதிலுக்குக் கை தூக்கினார்.

எங்கள் கொங்கு மண்ணில் ஒரு பண்பாடு உண்டு. உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட வேண்டும். பார்க்காவிட்டால் அது தலைமுறைக்கும் நிற்கும். 'அன்னைக்கு என்ற ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப எட்டிப் பாத்தீங்களாக்கும்' என்று பேரன் கல்யாணத்தில் கேட்பார்கள். பார்க்க வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அது அதைவிடப் பெரிய குற்றம். ஆகவே நங்கையா தலைமையில் கோபியிலிருந்து ஒரு வேன் கிளம்பியது.

வீடு தேடி வரும் உறவுக்காரர்களை நாங்கள் ஒரம்பரை என்போம். இது சும்மா ஒரம்பரை இல்லை. பெரியவர், சின்னவர், கைக்குழந்தை என்று வேன் நிறைய. ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஒரு பலாப்பழம். கையில் கட்டுப் போட்டவருக்குப் பலாப்பழம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதை அறுப்பது இதர பணி.

அவர் கட்டிலில் சாய்ந்து, இரண்டு தலையணை மேல் கையை ஊன்றி நிமிர்த்தி வைத்திருந்தார். வந்தவர்களில் ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் கும்பிட்டுவிட்டார். 'கையில எதுக்குங்க டனல் போட்டாங்க' என்று ஒருவர் கேட்க, அவர் அறுவை சிகிச்சையை முதலிலிருந்து விவரித்தார். அடுத்த வரிசை உள்ளே வந்ததும் மறுபடி முதலிலிருந்து. கத்தி வைக்கிற இடத்தில் நங்கையா ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால், வேண்டாங்க, இப்பத்தானுங்க அன்னூர்ல குடிச்சோம் என்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதுக்குங்க சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை, சரீங்க, நீங்க இவ்வளவு சொல்றதால என்று டம்ளரை வாங்குவார்கள். இவ்வளவு மரியாதை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மத்தியானத்துக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, எங்களுக்காக ஒண்ணும் பண்ண வேண்டாங்க, சந்தகை இருந்தாப் போதும் என்று அடக்கமாகச் சொன்னார்கள்.

சந்தகை என்றால் என்னவென்று தெரியாத பாவப்பட்ட ஜனங்களுக்குச் சொல்கிறேன். அரிசி மாவை உருண்டை பிடித்து வேகவைத்து, சூட்டோடு மிசினில் போட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நூல் நூலாகப் பிழிய வேண்டும். முழு பலத்தையும் மணிக்கட்டில் இறக்கினால்தான் கைப்பிடி நகரும். ஒரு மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைத்ததைக் கொண்டாட, இரண்டு மணிக்கட்டுகள் வேன் நிறைய ஆட்களுக்குச் சந்தகை பிழிந்தன.

பிழிந்து முடித்துக் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். விரல் மரத்திருந்தது. தட்டு சாய்வது எனக்கே தெரியவில்லை. ஒரு டம்ளர் உருண்டு கட்டிலின் ஓரத்தில் விழுந்தது, என் விரல்கள் மேல் சுடச்சுடக் கொட்டியது. நங்கையா பதறிப்போய் எழுந்தார்.

"பாத்து வரக் கூடாதா அம்மணி? தம்பி கைமேல பட்டிருந்தா என்னாகறது?"

நல்லவேளை, படவில்லை. அறை முழுக்க நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நான் சமையலறையில் போய்க் கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றேன். சுட்டது எரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அடுத்து அவருடைய கம்பெனி வந்தது. 'ஊழியர் நலன் மற்றும் மகிழ்ச்சி' பிரிவிலிருந்து இளவேனில் என்ற பெண் வந்தாள், கூடவே போட்டோ எடுக்க ஒருவர். மஞ்சள் நிறத்தில் சிரிக்கிற மூஞ்சி போட்ட ரப்பர் பந்து ஒன்றை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாள். கம்பெனிப் பத்திரிகைக்கு 'வலியை அப்ரூவ் செய்யாதவர்' என்று தலைப்புப் போட்டுப் பேட்டி எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்கள்தான் அதிகம் களைத்துப்போகிறார்கள் என்று ஆய்வு சொல்கிறது, அவர்களுக்காகவே நாங்கள் ஒரு வெபினார் நடத்துகிறோம் மேடம், லிங்க் அனுப்புகிறேன் என்றாள். கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வெபினார் காலை பதினொரு மணிக்கு. போனைப் பெருங்காய டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு, கொள்ளுப் பருப்பைக் கடைந்துகொண்டே பார்த்தேன். உங்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கி, ஒரு கப் காப்பியோடு அமைதியாக உட்காருங்கள் என்று அதில் பேசிய அம்மாள் சொன்னபோது, அறையிலிருந்து திருமூர்த்தி அவர்கள் காப்பி கேட்டார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றாடம் முன்னேற்ற அறிக்கை வெளியானது. 'இன்று காலை அப்பாவின் சுண்டு விரல் தானாக அசைந்தது' என்று பிரவீனா போட்டதற்கு நங்கையா கும்பிடு வரிசையாக அனுப்பினார். இந்த நோய்க்கும் சுண்டு விரலுக்கும் சம்பந்தமே கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் நல்ல செய்தியை எதற்குக் கெடுப்பது என்று இருந்துவிட்டேன்.

தையல் பிரித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் ஜெரோம் வந்து, சப்பாத்தி மாவை உருண்டையாக எடுத்து மெதுவாகப் பிசையச் சொன்னார். விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லையாம். அன்று முதல் எங்கள் வீட்டில் மாவு பிசைதல் விஞ்ஞான முறைப்படி நடந்தது. அவர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எலுமிச்சங்காய் அளவு உருண்டையைக் கண்ணை மூடிக்கொண்டு பிசைவார். பிரவீனா வீடியோ காலில் "சூப்பருங்கப்பா" என்பாள். மிச்ச மாவை நான் பாத்திரத்தில் பிசைவேன். அவர் பிசைந்தால் அது பயிற்சி. நான் பிசைந்தால் அது சப்பாத்தி.

கடைசிப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிரமாதமாக ஆறிவிட்டது, இனி எல்லா வேலையும் தாராளமாகச் செய்யலாம் என்றார். திருமூர்த்தி அவர்கள் இன்னும் கொஞ்ச நாள் ஜாக்கிரதையாக இருக்கலாமா என்று கேட்டார். தேவையே இல்லை என்றார் டாக்டர். அந்தத் துயரச் செய்தியை அவர் ஜீரணித்துக்கொண்டிருக்கும்போது, ஃபைல் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடி விழுந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். கட்டை விரலின் அடிப்பக்கம் சதை வற்றிக் குழி விழுந்திருந்ததை அவர் தொட்டுக் காட்டியபோதுதான் நானே கவனித்தேன். புறங்கை இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல் கீழே பார்க்கிற மாதிரி வைத்திருக்கச் சொன்னார். தலைகீழ்க் கும்பிடு. வைத்தவுடனே விரல்களில் சுருக்கென்று ஏறியது. என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார், ஆரி வேலை என்றேன். பிறகு ஒயர் ஒட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"சாருக்கு இருந்ததைவிட உங்களுக்கு ரொம்ப முத்திப்போச்சுங்கம்மா. ரெண்டு கையிலும். இன்னும் தள்ளிப்போட்டா ஊசி புடிக்கற பலம் திரும்ப வராதுங்க. இவ்வளவு வருஷமா ஊட்டுல யாருமே கவனிக்கலீங்களா?"

திருமூர்த்தி அவர்கள் உண்மையிலேயே வெசனப்பட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப என்ற பயிற்சிக்கு மாவு யாருங்க பிசைஞ்சு தருவா?"

அன்றே அவசரக் கூட்டம் கூடியது. பிரவீனா நிலைமையை நடுநிலையோடு விளக்கினாள். அப்பாவின் கை இப்போதுதான் தேறியிருக்கிறது, அதற்கு அழுத்தம் கொடுக்கக் கூடாது. கோபியில் நங்கையா பேரனுக்குக் காது குத்து வருகிறது, சீர் தட்டுகளை அலங்கரிப்பது வழக்கமாக அம்மாதான். ஆரி வேலை பொழுதுபோக்குதான் என்பதால் அவசரம் எதுவும் இல்லை. ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு கைக்குக் கட்டுப் போட்டால் ஊர் கண்ணேறு படும் என்று நங்கையா ஆன்மிகக் கோணத்தையும் சேர்த்தார். ஆகவே அம்மாவின் கை தை மாதத்துக்குப் பிறகு 'பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்' என்று திரையில் தீர்மானம் ஏறியது. எனக்கு வந்தது கோபமா பயமா என்று தெரியவில்லை, இரண்டும்தான். மைக்கைத் திறந்தேன்.

"தீர்மானத்துல ஒரு சின்னத் திருத்தம் கண்ணு. வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேசன். டாக்டர்கிட்ட நேரம் வாங்கிப்போட்டேன். இது ஓட்டுக்கு விடறதுக்கு இல்ல, தகவலுக்கு."

திரையில் எல்லா முகங்களும் படம் மாதிரி நின்றன. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு திருமூர்த்தி அவர்கள் மெதுவாக, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு என்ன ஏற்பாடு என்று விசாரித்தார். அரிசி டப்பா அடுப்புக்குக் கீழே இருக்கிறது என்ற தகவலையும் தெரிவித்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஆபீஸில் தணிக்கை. ரம்ஷா கடையை அடைத்துவிட்டு என்னோடு வந்தாள். கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டதற்கு, நாந்தானுங்க என்று முன்னால் போய் நின்றாள். மேஜையில் படுத்தேன். டாக்டர் உள்ளங்கையைத் திறந்து பார்த்துவிட்டு, நரம்பு நல்லா நசுங்கிக் கெடக்குதுங்கம்மா, ஆனா பொழச்சுக்கும் என்றார். நான் அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டார். வலியெல்லாம் இல்லீங்க, ஒருத்தராவது பாத்தீங்கல்லங்க, அதுக்கு என்றேன். வலது கை அன்றைக்கு முடிந்தது. இடது கை கொஞ்ச நாள் கழித்து. வலது கைக் கட்டோடு வீட்டில் கண் விழித்த முதல் காலையில், போர்வையின் நூல் விரலுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு இழையாகத் தடவிக்கொண்டே வெகுநேரம் படுத்திருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று ஞாபகமில்லை.

பண்பாடு என்னையும் கைவிடவில்லை. கோபியிலிருந்து வேன் வந்தது. அதே ஹார்லிக்ஸ், அதே ஆப்பிள். எல்லாரும் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, என் கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உருக்கமாக நலம் விசாரித்தார்கள். திருமூர்த்தி எப்படிங்க சமாளிக்கறாரு. வாய்க்கு ருசியாச் சாப்பிட்ட மனுசனுங்களே. ஓட்டல் சோறு அவருக்குச் சேராதுங்களே. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் கேட்டார்கள். அவ்வளவு பாசம்.

அந்த நேரம் பார்த்து அவர் சமையலறையிலிருந்து காப்பித் தட்டோடு வந்தார். சட்டையெல்லாம் பால். தரக் கட்டுப்பாட்டு அனுபவத்தில் ஒவ்வொரு டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சோதித்துவிட்டுக் கொடுத்தார். பாவம், மனுஷன் முயற்சி செய்கிறார், அதை நான் மறைக்க மாட்டேன். காப்பி மட்டும் காப்பி மாதிரி இல்லை. மறுபடி ஊற்றட்டுமா என்று அவர் கேட்டதற்கு, எல்லாரும் முதல் தடவை சொன்ன 'வேண்டாங்க'விலேயே நின்றுகொண்டார்கள்.

நங்கையா தம்பியின் வலது கையைப் பிடித்துத் தடவினார். கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"ஏங் கண்ணு, ஆபரேசன் பண்ணுன கைய இப்படி வேலை வாங்கலாமாக்கும்? மறுக்கா மரத்துப் போயிட்டா யாரு பதில் சொல்றது?"

நான் தலையணை மேலிருந்த கையை எடுக்காமலே சொன்னேன்.

"போகாதுங்க நங்கையா, அது நல்லாயிருச்சுங்க. எனக்கு ரெண்டு கையும் மரத்துக் கெடந்தப்பத்தானுங்க இத்தனை வருசம் உங்க எல்லாத்துக்கும் காப்பி போட்டேன். அப்ப நீங்க என்ற கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்க, இன்னொரு டம்ளர் கெடைக்குமான்னு."